கோயில் வளைவில் நின்ற அழுகை

நம் நிறுத்தத்துக்குக் கூரை போட்டவன் நான். அதற்கு முன்னால் மழை வந்தால் நாங்கள் வண்டிக்குள் முடங்கிக் கிடப்போம். ஏற வந்த சனம் சவுக்கு மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கும். த்ரீவீல் தேயிலை மலையின் மேல் டிவிசனுக்கு ஏறாது, பாதி வழியிலேயே பின்னால் உருண்டுவிடும் என்று தோட்டமே சொன்னபோது ஏற்றிக் காட்டியவன் நான். கீழ் டிவிசன் பாலத்தடியில் ஒவ்வொரு மழைக்கும் கரைந்துபோன பாதையைக் கல் அடுக்கி நிறுத்தியவன் நான். தோட்டத் துரைக்கு முன்னால் கையைக் கட்டாமல் நின்று பேசி இந்த இடத்தை வாங்கியவனும், நாலு பேரைக் கூட்டிச் சங்கம் தொடங்கியவனும் நான்தான். படிப்பு, தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் புல்லறுக்கப் போனேன். மலையில் இரும்பு முள்ளால் மண் குத்தி, தண்ணிக் கான் வெட்டி, அந்தக் கையாலேயே இந்தத் தோட்டத்தின் முதல் த்ரீவீலைப் பிடித்தேன். இதையெல்லாம் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் நான்தான் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சங்கத்து மலருக்குப் பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தம்பிமார் கேட்டீர்கள். வண்டி ஓட்டுவது பற்றி எழுதமாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'மாமா சுத்து' என்றால் தெரியாது. பழையவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

கைப்பிள்ளைகள் சில அந்தி நேரமானால் அழத் தொடங்கும். பால் குடித்திருக்கும், துணி மாற்றியிருக்கும், ஆனாலும் முகம் சிவக்கச் சிவக்கக் காலை மடக்கிக்கொண்டு அழும். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் மேலும் கீழும் நடப்பாள். பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். உரம் விழுந்திருக்கு என்பார் ஒருவர், கண்ணு பட்டிருக்கு என்பார் இன்னொருவர். ஓமத் தண்ணி காய்ச்சிக்கொண்டு ஓடிவருவார் மூன்றாமவர். அப்படி ஒரு தாய் ஒருநாள் அழும் பிள்ளையோடு என் வண்டியில் ஏறினாள். ஹாலிஎல டவுனில் கடைக்குப் போகத்தான் ஏறினாள். வண்டி கிளம்பிக் கொஞ்சத் தூரத்தில் பிள்ளை அடங்கிவிட்டது. கடையடியில் எஞ்சினை நிறுத்தினேன், மறுபடி அழுதது. எஞ்சினைப் போட்டேன், நின்றது. அந்தத் தாய் என்னைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அன்றிலிருந்து பிடித்தது. நிறுத்தத்திலிருந்து பெக்டரியைத் தாண்டி, கோயில் வளைவைச் சுற்றி, மேல் டிவிசன் வரை போய் அதே வழியாகத் திரும்புவது ஒரு சுற்று. இரண்டாம் கியரில்தான் போக வேண்டும். முதல் கியர் உறுமும், மூன்றாவது தூக்கிப் போடும். இரண்டாவதில்தான் பிள்ளையின் முதுகுக்கு அந்தத் தட்டல் சரியாக வரும். இதைக் கண்டுபிடித்தவனும் நான். பெரும்பாலான பிள்ளைகள் கோயில் வளைவில் கண்ணை மூடும். "வளைவு தாண்டுறதுக்குள்ள தூங்கலைன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்று பந்தயம் கட்டுவேன். அதற்கு நான் சல்லிக் காசு வாங்கியதில்லை. பேர் வாங்கினேன். மாமா வண்டியில் ஏற்றினால் அழுகை நிற்கும் என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் பகுதிக்கு அப்போது ஒரு மிட்வைஃப் மிஸ் இருந்தார். சிங்களவர்; தமிழை நம்மைப் போலவே பேசுவார். கிளினிக் முடிந்து என் வண்டியில்தான் டவுனுக்கு இறங்குவார். ஒருநாள் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்:

"என்ன அண்ணே, என் கிளினிக்குக்கு வர்றதவிட ஒங்க வண்டிக்குத்தான் பிள்ளைங்க நெறைய வருதாமே?"

"ஒங்க மருந்துக்கு நிக்காத அழுகை என் எஞ்சினுக்கு நிக்குது மிஸ். நான் என்ன பண்றது?"

அவர் சிரித்துவிட்டார். "பிள்ளை பால் நல்லா குடிக்குது, எடை ஏறுது, மூணு நாலு மாசத்துக்குள்ள இருக்குது, அந்தியானா மட்டும் அழுவுதுன்னா சுத்துங்க. தப்பில்ல. அது தானாவே நின்னுரும். ஆனா..."

அந்த நேரம் பார்த்து எதிரே கொழுந்து லொறி வந்தது. வண்டியை ஓரத்துக்கு ஒதுக்கினேன். லொறிக்காரன் தலையை நீட்டி என்னவோ பகிடி விட்டான், நானும் ஒன்று விட்டேன். ஆனா என்பதற்குப் பிறகு மிஸ் சொன்னது என் காதில் விழவில்லை. திருப்பிக் கேட்கலாம் என்றும் தோன்றவில்லை. தப்பில்ல என்று சொன்னாரே, அது போதாதா? மிட்வைஃபே சொல்லிட்டாங்க என்று தோட்டம் முழுக்கச் சொன்னேன்.

யோகா கீழ் டிவிசன் பிள்ளை. கொழுந்து எடுப்பவள், வாய்க்காரி. புருஷன் மணி பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கினான். அவர்களுக்கு முதல் பிள்ளை பெண் பிள்ளை. பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே அந்தி அழுகை பிடித்துக்கொண்டது. அந்தக் குரல் இருக்கிறதே, பாலத்தடியில் வரும்போதே நிறுத்தத்தில் கேட்கும். நம் ஆட்கள் அவளுக்கு 'ஹோர்ன்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, ஒங்க ஹோர்ன் வருது!" என்று யாராவது கத்துவான்.

யோகா விடமாட்டாள். "ஆமாண்டா, ஒன் வண்டியில ஹோர்னும் இல்ல, பிரேக்கும் இல்ல. சொல்லு, இவளக் கட்டி விடுறேன். ஒன்னயப் பாத்து மாடாவது ஒதுங்கும்."

அப்படிச் சிரிப்பும் ஏச்சுமாக அவர்களை எத்தனையோ அந்தி வண்டியில் வைத்துச் சுற்றியிருக்கிறேன். பிள்ளை நன்றாகப் பால் குடித்தது, கன்னம் வைத்தது. நாலாம் மாதம் போல அழுகை தானாக நின்றது. யோகா ஒரு சின்னச் சட்டி நிறைய கேசரி கிண்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தாள்.

"ஹோர்ன் பழுதாப் போச்சு மாமா. இனிமே ஒங்களுக்கு வேல இல்ல."

"என் சுத்துல கொணமான பிள்ளை இது," என்று கேசரியை வாயில் போட்டுக்கொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. நானும் அதை நம்பினேன்.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. பிள்ளை உட்காரத் தொடங்கியது. யோகா வேலைக்குத் திரும்பி, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். ஒருநாள் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிந்து சனம் லயத்துக்குத் திரும்பும் நேரம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மணி பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தான். யோகா மலையில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பின்னால் ஓடிவந்தாள். தூரத்திலேயே அழுகை கேட்டது.

"அண்ணே, ஒங்க ஹோர்ன் ரிப்பேர் ஆகி வந்துருச்சு!" என்று நம் ஆள் ஒருவன் கத்தினான்.

எல்லோரும் சிரித்தோம். யோகா சிரிக்கவில்லை. திருப்பி ஏசவும் இல்லை. வாய்க்காரி வாயை மூடிக்கொண்டு வந்தால் அங்கேயே யோசித்திருக்க வேண்டும், தம்பிமாரே. இப்போது எழுதும்போது தெரிகிறது.

"ஒரு சுத்து விடுங்க மாமா," என்றான் மணி. "மத்தியானத்துல இருந்து இதே கூத்து. பிள்ளைக் காம்பரால பாலும் குடிக்கலையாம். அடம்."

"வாந்தி எடுத்துச்சுன்னு ஆயா சொன்னாங்க," என்றாள் யோகா.

"அழுது அழுது வயிறு பெரட்டியிருக்கும்மா. ஏறு," என்றேன்.

ஓட்டினேன். பெக்டரியடியில் பிள்ளை இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டது. பழைய அழுகைதான், கொஞ்சம் கூடுதல் என்று நினைத்தேன். கோயில் வளைவு வந்தது. அழுகை பட்டென்று நின்றது, சுவிட்சை அமர்த்தினாற்போல.

"பாத்தியா? மாமா வண்டின்னா மாமா வண்டிதான்," என்றான் மணி.

"தூங்கலீங்க இவ. கண்ணு தொறந்துதான் இருக்கு," என்றாள் யோகா.

"தூக்கக் கலக்கம்மா," என்றேன் முன்னாலிருந்து.

"என்னையப் பாக்க மாட்டேங்குறா மாமா. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு."

"குளிரு. துவாய இழுத்துப் போத்து."

மேல் டிவிசன் போய்ச் சேர்வதற்குள் மறுபடி வீறிட்டது. அதே மாதிரிக் காலை மடக்கிக்கொண்டு. திருப்பிக்கொண்டு இறங்கினேன். கோயில் வளைவில் மறுபடி நின்றது. இரண்டு தடவையும் அதே வளைவு! அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? என் வண்டி, என் கியர், என் வளைவு. மணி என் தோளில் தட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெக்டரிக்குக் கீழே பாதை பிரியும் இடம் உங்களுக்குத் தெரியும். நேரே இறங்கினால் ஹாலிஎல, அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரி. வலது பக்கம் திரும்பினால் கீழ் டிவிசன் லயம். அங்கே எப்போதும்போல் வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் யோகா ஹாலிஎலப் பாதையைப் பார்த்தது தெரிந்தது. பிறகு மணியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தது. அமைதியாகிவிட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அழுதது என்று எப்படிச் சொல்வது? வண்டி வலது பக்கம் திரும்பியது.

குற்றம் யாருடையது என்று எழுத நான் இங்கே வரவில்லை. அதைத் தோட்டம் பேசி ஓய்ந்துவிட்டது. அந்த வண்டிக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் பாருங்கள். பால் குடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. வாந்தி என்று சொல்லப்பட்டது. வெளுத்திருக்கிறது, தாயைப் பார்க்கவில்லை என்றும் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டிருக்கக்கூடிய அத்தனையும் என் பின் சீட்டிலிருந்தே வந்தது. தாய் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அப்பனும் நானும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். அவள் என்னதான் செய்வாள்?

மறுநாள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம், மணி வெறுங்காலோடு ஓடிவந்தான். இந்த முறை பிள்ளை யோகாவின் கையில். பச்சையாக வாந்தி எடுத்திருந்தது. துணியில் பார்த்தால் வெளியே போனது சிவப்பாக, ஜாம் மாதிரி. வயிறு உப்பியிருந்தது. அவர்கள் ஏறி உட்காருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பிரியும் இடத்தில் நேரே இறங்கினேன். ஹாலிஎலயில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே ஹோர்னில் வைத்த விரலை எடுக்காமல் போனேன். சிங்களச் சனம், முஸ்லிம் கடைக்காரர்கள், எல்லோரும் கையைக் காட்டி வழி விலக்கிக் கொடுத்தார்கள். அந்த வண்டியில் சத்தம் போட்டது என் ஹோர்ன் மட்டும்தான். பாலத்தடியிலிருந்து நிறுத்தத்துக்குக் கேட்ட குரல் அன்றைக்கு ஒரு முனகல்கூட இல்லை.

குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டிருக்கிறது என்றார் டொக்டர். அது விட்டு விட்டு இழுக்கும். இழுக்கும்போது வலியில் வீறிடும், விடும்போது பிள்ளை துவண்டு கிடக்கும். அதைத்தான் நாங்கள் கோயில் வளைவின் கணக்கில் போட்டிருந்தோம். ஆபரேசன் செய்தார்கள். அவர்கள் ஓடி ஓடிச் செய்தார்கள், அதை என் கண்ணால் பார்த்தேன். குடலில் ஒரு பாகம் ஏற்கெனவே கறுத்துப்போயிருந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். மணி என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்கள யாரு மாமா கொற சொன்னா? நீங்க இல்லைன்னா ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேந்திருக்க மாட்டோம்." அவன் மனசாரத்தான் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன். யோகா காம்பரா வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அவ தூங்கலைன்னு சொன்னேன்ல மாமா," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் வண்டியை அந்தி நேரத்தில் நிறுத்தத்தில் போடவே மனம் வரவில்லை. அழும் பிள்ளையோடு யாராவது வந்தால் எஞ்சின் பழுது என்று சொல்லிவிடுவேன். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? ஒருநாள் மிட்வைஃப் மிஸ் கிளினிக் முடித்துவிட்டு வந்து பின் சீட்டில் ஏறினார். நான் வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பிக் கேட்டேன்.

"அன்னைக்கு ஆனான்னு சொன்னீங்களே மிஸ். லொறி வந்துருச்சு. அதுக்குப் பெறகு என்ன சொன்னீங்க?"

அவருக்கு உடனே புரிந்தது. எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோலவே சொன்னார்.

"ஆனா, மூணு நாலு மாசத்துல நின்னுபோன அழுகை பெறகு திடீர்னு வந்தா, அது பழைய அழுகை இல்ல அண்ணே. அது புது ஆளு. அதே பேர வச்சுக் கூப்புடாதீங்க. பிள்ளை பால் வேணாம்னா கூட்டிட்டுப் போங்க. பச்சையா கக்குனா, வெளிய போறதுல ரத்தம் இருந்தா, வயிறு கல்லா இருந்தா, அப்பவே போகணும். சின்னப் பிள்ளை, மூணு மாசம் ஆகாதது, ஒடம்பு சுட்டா அழுகையே இல்லாட்டியும் போகணும். மூத்திரத் துணி நனையவே இல்லைன்னா, மூச்சு வாங்குனா, எங்கயாவது விழுந்திருந்தா, கொரலே மாறிப்போயி கீச்சுன்னு அழுதா..." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எல்லாரும் அழுகையத்தான் கேக்குறீங்க. அழுகைக்கு நடுவுல பாருங்க. வயித்து அழுகைக்காரப் பிள்ளை அழுது முடிஞ்சதும் தாயப் பாக்கும், பால் தேடும், சிரிச்சாலும் சிரிக்கும். நடுவுல தொவண்டு கெடந்தா அது ஓய்வு இல்ல."

"தாய் இது வேற மாதிரி அழுகைன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"அதுக்கு மேல என்ன வேணும்? ஒங்களுக்கு எஞ்சின் சத்தம் மாறுனா தெரியாதா?"

என் எஞ்சினில் ஒரு நட்டு லூசானால் பெக்டரியைத் தாண்டுவதற்குள் கண்டுபிடிப்பேன். இன்னொருவன் வந்து, இல்லை சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் கேட்பேனா? அவனை வண்டியிலிருந்து இறக்கியிருப்பேன்.

மாமா சுத்தை அந்த வாரமே நிறுத்தினேன். சனம் கோபித்துக்கொண்டது. என்னிடம் ஓட்டப் பழகிய இரண்டு பேர், மாமாவுக்கு வயசாயிருச்சு, நாங்க சுத்துறோம் என்று தொடங்கப் பார்த்தார்கள். சங்கக் கூட்டத்தில் மேசையில் அடித்துச் சொன்னேன்: அழும் கைப்பிள்ளையை ஏற்றினால் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், தாயிடம் கேட்க வேண்டும், கேட்டதற்குத் தாய் சொல்லும் பதிலுக்கு மேல் யாரும் பதில் சொல்லக்கூடாது. சந்தேகம் இருந்தால் வண்டி நேரே ஆஸ்பத்திரிக்கு இறங்கும். சத்தம் நின்றுவிட்டது என்பதற்காக வண்டி திரும்பக்கூடாது. வாடகை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேல் டிவிசனில் புதிதாகத் தகப்பனான ஒருவன், மனைவியையும் சிவந்த கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளைக்கு ஒரு மாதம்கூட இருக்காது. யாரோ பழைய கதை சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு சுத்து மாமா. அழுது தொலைக்குது."

பிள்ளை அழுதது உண்மைதான். ஆனால் பலமாக இல்லை, தேய்ந்த குரல். "பால் குடிக்குதாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் புருஷனைப் பார்த்தாள். "அவனப் பாக்காத. நீ சொல்லு." காலையிலிருந்து வாயை வைக்கவில்லை என்றாள். உடம்பு அனலாக இருந்தது. வண்டியை எடுத்தேன். பிரியும் இடத்தில் நேரே இறங்கியதும் அவன் எழுந்து கத்தத் தொடங்கினான்.

"யோவ், எங்கய்யா போற? சுத்தத்தான் சொன்னேன்! ஆஸ்பத்திரிக்கு யாரு போகச் சொன்னா?"

"நான் சொன்னேன்."

"நீ என்ன டொக்டரா?"

"டொக்டர் இல்லைங்கிறதாலதான் டொக்டர்கிட்ட போறேன். ஒக்காரு, இல்லைன்னா வளைவுல வெளிய விழுவ."

பதுளை போகும்வரை என்னை ஏசிக்கொண்டே வந்தான். பிள்ளையை அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். சளிக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியிருந்ததாம். பிழைத்தது. இப்போது அந்தத் தகப்பன் நம் நிறுத்தத்தில்தான் ஓட்டுகிறான். பேர் சொல்லவேண்டாம், இதைப் படித்துவிட்டு அவனே சிரிப்பான்.

எல்லாத் தடவையும் இப்படி இருக்காது. ஒன்றுமில்லாத அழுகைக்குப் பறந்து போய், டொக்டர் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, கூட்டிட்டுப் போங்க என்று அனுப்பிய நாட்களும் உண்டு. திரும்பும்போது தாய்க்கு வெட்கமாக இருக்கும். ஒங்களுக்கு வீண் அலைச்சல் மாமா என்பாள். அப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை அவள் பயந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாள். நான் என்ன சொல்வேன் தெரியுமா? "சும்மா திரும்புற சவாரிதாம்மா எனக்குப் புடிச்ச சவாரி" என்பேன். பொய்யில்லை. ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே லயத்துக்குத் திரும்புவதைப்போல் என் காதுக்கு இனிப்பானது வேறு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

கடைசியாக நம் பலகை விஷயம்.

போன மாதம் நிறுத்தத்துச் சுவரில் பலகை மாட்டினீர்கள். பச்சை வாந்தி, காய்ச்சல், பால் குடிக்காமை, விட்டு விட்டு வரும் அழுகை, எல்லாம் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும். தாய் சொல்வதைக் கேள் என்று சிவப்பில். நன்றாக இருக்கிறது. கீழே 'சங்கம்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். திறப்பு நாளில் என்னைக் கூப்பிட்டு மாலை போட்டு, ஒரு கதிரையில் உட்காரவைத்தீர்கள். இந்தச் சட்டத்தை யார் கொண்டுவந்தது என்று பேசினவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் தூணுக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பதுளை பஸ்ஸுக்குப் போக யோகாவும் இன்னொரு பெண்ணும் வந்தார்கள். யோகாவுக்குப் பிறகு பிறந்த ஒரு மகள் இருக்கிறாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அன்றைக்குப் பிறகு யோகா என் வண்டியில் ஏறியதில்லை. கோபத்தைக் காட்டியதும் இல்லை. எங்கே போவதானாலும் நம் நிறுத்தத்தைக் கடந்து பஸ்ஸுக்கு நடந்தே போவாள். அன்றைக்குப் பலகைக்கு முன்னால் நின்றாள். வாயசைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். விட்டு விட்டு வரும் அழுகை என்ற இடத்தில் மறுபடி வாசித்தாள்.

"இத யாருடி எழுதி வச்சா?" என்று கூட வந்தவள் கேட்டாள்.

"யாரோ. சங்கத்துக்காரங்களாம்," என்றாள் யோகா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

தம்பிமாரே, அந்த யாரோ நான். கையிலே தேத்தண்ணிக் கோப்பையோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் வந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அதைப் பலகை சொல்ல வேண்டும். 'சங்கம்' என்பதற்குக் கீழே என் முழுப் பெயரையும் போடுங்கள். அழும் பிள்ளையை வண்டியில் வைத்துச் சுற்றுகிற பழக்கத்தை இந்தத் தோட்டத்தில் தொடங்கியவரும் இவர், அதை நிறுத்தியவரும் இவர் என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளமாட்டேன். பெருமைக்கா என்று கேட்பீர்கள். பெருமைக்கும்தான்; உங்களிடம் அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அவள் அடுத்த தடவை அந்த வழியால் போகும்போது, தான் அன்றைக்குச் சொன்னதை ஒருவன் கேட்டான், காலம் தப்பியாவது கேட்டான் என்று வாசித்துவிட்டுப் போகட்டும்.

பலகையில் இடம் இல்லை என்று செயலாளர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் பலகைக்குக் கீழே சுவரில் எழுதுங்கள். அந்தச் சுவரைக் கட்டியவன் நான். அதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.